கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை: சொந்த டிஃபென்ஸுக்கு எதிராகச் சொந்த குவார்ட்டர்பேக்கை இறக்குவது குறித்து ஓர் ஆய்வு

1. சிக்கல்

சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஏதோ ஒரு நகரில் ஒருவர் கைபேசியை வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலைக்கும் ஆபத்தில்லை. அவருடைய ஃபேன்டசி ஃபுட்பால் அணியின் குவார்ட்டர்பேக் மறுநாள் மோதப்போவது, அதே அணியில் அவர் வைத்திருக்கும் டிஃபென்ஸோடு. குவார்ட்டர்பேக் எறிந்த பந்து டச்டவுன் ஆனால் ஒரு கை நிறையும், மறு கை குறையும். டிஃபென்ஸ் பந்தைப் பறித்தால் நேர்மாறு. யார் ஜெயிக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்பது என்றே தெரியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வாய்த்திருக்கிறது.

ஆய்வு வசதிக்காக இந்த நிலையை 'இருகை நிலை' என்றும், அதில் சிக்கியவரை 'இருகையாளர்' என்றும் இக்கட்டுரை குறிக்கும்.

களம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்கக் கால்பந்தில் பந்து வைத்திருக்கும் அணியை நடத்துபவர் குவார்ட்டர்பேக். பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன். அவர் எறியும் பந்தை எதிரணி பிடித்துக்கொண்டால் இன்டர்செப்ஷன். எறிவதற்குள் அவரையே மடக்கி வீழ்த்தினால் சாக். கையிலிருந்து பந்து நழுவினால் ஃபம்பிள். இன்டர்செப்ஷனில் பறித்த பந்தோடு எதிரணி ஓடி டச்டவுனே அடித்துவிட்டால் அதற்கு பிக்-சிக்ஸ் என்று பெயர். ஃபேன்டசி லீக்கில் பெரும்பாலும் 10 அல்லது 12 பேர் சேர்ந்து, சீசன் தொடங்குமுன் டிராஃப்ட் வைத்து நிஜ வீரர்களைப் பங்கிட்டுக்கொள்வார்கள். வீரர்கள் களத்தில் செய்வதெல்லாம் இவர்களுக்குப் புள்ளியாகும். வாரம் ஒருவரோடு மோதல். டிஃபென்ஸ் மட்டும் தனி வீரராக வராது. ஒரு நிஜ அணியின் முழுத் தடுப்புப் படையும், உதைத்த பந்தைத் திருப்பி எடுத்து ஓடும் சிறப்புப் படையும் சேர்ந்து ஒரே சரக்காக வரும்.

2. வரலாற்றுப் பின்புலம்

இருகை நிலையின் விதை 1962 இலையுதிர் காலத்தில் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் விழுந்தது. ஓக்லண்ட் ரைடர்ஸ் அணி கிழக்குக் கரைக்கு ஆட வந்திருந்தது. அந்த ஆண்டு அந்த அணி ஆடிய 14 ஆட்டங்களில் 13 தோல்வி. அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், மக்கள் தொடர்பாளர் பில் டன்னல், ஓக்லண்ட் ட்ரிப்யூன் நிருபர் ஸ்காட்டி ஸ்டர்லிங் ஆகிய மூவரும் உட்கார்ந்து காகிதத்தில் ஆடும் கால்பந்துக்கு விதி எழுதினார்கள். தரையில் ஜெயிக்க வழியில்லாதபோது காகிதத்தில் ஜெயிக்க வழி தேடுவது மனித இயல்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் கிடைப்பது அரிது.

1963ல் ஓக்லண்டில் விங்கன்பாக் வீட்டில் 8 அணிகளோடு முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஹூஸ்டன் ஆயிலர்ஸின் குவார்ட்டர்பேக் ஜார்ஜ் பிளாண்டா. முந்தைய சீசனில் அவர் எறிந்த டச்டவுன்கள் 27, பறிகொடுத்த இன்டர்செப்ஷன்கள் 42. ஒரே சீசனில் 42 என்பது இன்றுவரை யாரும் தொடாத உயரம். ஆக, இந்த ஆட்டம் பிறந்த நாளிலேயே தன் முதல் மரியாதையை, இரு பக்கத்துக்கும் வாரி வழங்கிய ஒரு கைக்கே செய்தது. இருகை நிலை பின்னால் வந்த நோய் என்பாரும் உளர். ஜாதகத்திலேயே இருந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

3. பூர்வபட்சம்

இதுபற்றி இரண்டு மரபுகள் வழங்குகின்றன.

முதல் மரபினரை 'விலக்குநர்' எனலாம். இவர்கள் கட்சி எளிது: குவார்ட்டர்பேக்கும் எதிர் டிஃபென்ஸும் தராசின் இரு தட்டு. ஒன்று ஏறினால் ஒன்று இறங்கும். இரண்டையும் வாங்குபவன் தன் வெற்றிக்குத் தானே உச்சவரம்பு போட்டுக்கொள்கிறான். ஆகவே இருவரில் ஒருவரை உட்கார வை.

இரண்டாம் மரபினர் 'துணிவோர்'. நல்ல ஆட்டக்காரனை எதற்காகவும் பெஞ்சில் வைக்காதே என்பது இவர்கள் வேதம். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லமாட்டார்கள். 2009ல் யாரையோ உட்கார வைத்துக் கெட்டுப்போன கதையைச் சொல்வார்கள்.

இரு தரப்பும் எண்களைக் கேட்காமலே தீர்ப்பு சொன்னவை என்பதால், எண்களை விசாரணைக்கு அழைக்க வேண்டியதாகிறது.

4. கட்டண விகிதம்

பரவலாக வழங்கும் ஒரு புள்ளி விகிதம் வருமாறு. குவார்ட்டர்பேக்குக்கு: எறிந்து கடந்த ஒவ்வொரு 25 யார்டுக்கும் 1, டச்டவுனுக்கு 4, இன்டர்செப்ஷனுக்கும் இழந்த ஃபம்பிளுக்கும் தலா 2 கழிவு. டிஃபென்ஸுக்கு: சாக்குக்கு 1, பறித்த ஒவ்வொரு பந்துக்கும் 2, எதிராளியை அவன் சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கும் சேஃப்டிக்கு 2, தானே அடிக்கும் டச்டவுனுக்கு 6. இதற்கு மேல், எதிரணியை எத்தனையில் அடக்கியது என்பதற்குப் படிக்கட்டுக் கணக்கு ஒன்று உண்டு. எதிரணி ஒன்றும் எடுக்காவிட்டால் 10. 6 வரை எடுத்தால் 7. 13 வரை என்றால் 4. 20 வரை என்றால் 1. 27 வரை பூஜ்யம். 34 வரை கழிவு 1. 35 முதல் கழிவு 4. அதற்கு மேல் எத்தனை அடித்தாலும் அதே 4தான்.

விலக்குநர் கட்சி சாய்வது இந்தப் படிக்கட்டில்தான்.

குவார்ட்டர்பேக் முதல் டச்டவுனை எறிகிறார். கூடுதல் உதையோடு அவர் அணிக்கு 7. டிஃபென்ஸ் 10லிருந்து 4க்கு இறங்குகிறது, இழப்பு 6. குவார்ட்டர்பேக்குக்கு வரவு 4. இருகையாளருக்கு நிகர நட்டம் 2. இதுவரை விலக்குநர் சொன்னது சரி. இரண்டாவது டச்டவுனில் டிஃபென்ஸ் இழப்பது 3, நிகர லாபம் 1. மூன்றாவதில் இழப்பு 1, லாபம் 3. நான்காவதும் அப்படியே. ஐந்தாவதில் இழப்பு 3, லாபம் 1. ஆறாவதிலிருந்து டிஃபென்ஸுக்கு இழக்க ஒன்றும் மிச்சமில்லை என்பதால் டச்டவுன் ஒவ்வொன்றும் முழு 4 லாபம்.

இதில் யார்டுக் கணக்கு இன்னும் சேரவில்லை. அந்த முதல் டச்டவுனுக்காக அவர் எறிந்தே 50 யார்டு கடந்திருந்தால் அதற்கு 2 புள்ளி. நட்டம் அங்கேயே நேராகிவிடுகிறது. 80 யார்டு என்றால் 1.2 லாபம். அதாவது, பந்தை எறிந்தே களத்தைக் கடந்த எந்தக் குவார்ட்டர்பேக்கும் இருகையாளரை ஏழையாக்கவில்லை.

இன்டர்செப்ஷன் இதைவிட விசித்திரம். குவார்ட்டர்பேக்குக்கு 2 கழிவு, டிஃபென்ஸுக்கு 2 வரவு. இடது கை கொடுத்ததை வலது கை வாங்கி அதே சட்டைப்பையில் போடுகிறது. இன்டர்செப்ஷனுக்கு 1 மட்டும் கழிக்கும் லீக்குகளும் உண்டு. அங்கே ஒவ்வொரு பறிப்பிலும் 1 மிச்சம். பறித்த பந்து டச்டவுனாகவே திரும்பினால் நிகர வரவு 6. சாக்கில் குவார்ட்டர்பேக்குக்குக் கழிவே இல்லை, டிஃபென்ஸுக்கு 1 வரவு. ஊரெல்லாம் தலையில் அடித்துக்கொள்ளும் காட்சிகளில் இருகையாளர் மட்டும் கல்லாப்பெட்டியை எண்ணிக்கொண்டிருப்பார்.

5. இலட்சிய ஆட்டம்

கோட்பாட்டளவில் இருகையாளருக்கு உச்சமான ஆட்டம் எது என்ற கேள்வி இயல்பாக எழும். விடை இது: குவார்ட்டர்பேக் தன் 25 யார்டுக் கோட்டிலிருந்து தொடங்கி எறிந்தே 74 யார்டு கடக்க வேண்டும். எல்லைக்கு ஒரு யார்டு இருக்கும்போது பந்தை எதிராளி கையில் கொடுக்க வேண்டும். எதிராளி அதைக் களத்தின் மறுகோடி வரை கொண்டு ஓட வேண்டும். யார்டுக் கணக்கில் 2.96, பறிகொடுத்ததற்கு 2 கழிவு, டிஃபென்ஸுக்கு 8. ஒரு சுற்றுக்கு 8.96.

இதில் விதிகளே ஒத்தாசை செய்கின்றன. டச்டவுன் அடித்த அணிதான் அடுத்து பந்தை உதைத்துத் தர வேண்டும் என்பதால், பந்து மறுபடி அதே குவார்ட்டர்பேக்கிடம் வந்து சேரும். அவர் மறுபடி 74 யார்டு போய் மறுபடி பறிகொடுக்கலாம். ஐந்து சுற்றில் 44.8. குவார்ட்டர்பேக்கின் அணி ஒரு புள்ளியும் எடுக்காததால் டிஃபென்ஸுக்கு இன்னொரு 10. கூட்டுத்தொகை 54.8. நிஜ உலகில் அந்தக் குவார்ட்டர்பேக்கை மூன்றாம் சுற்றுக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது கோட்பாட்டின் குறையாகாது.

இதன் ஒரு சுற்றை இயற்கை நிகழ்த்திக் காட்டியும் இருக்கிறது. 2009 பிப்ரவரி 1 அன்று டாம்பாவில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டி. முதல் பாதியின் கடைசி நகர்வில், எல்லைக் கோட்டுக்கு முட்ட முட்ட வந்திருந்த அரிசோனாவின் கர்ட் வார்னர் பந்தை எறிந்தார். பிட்ஸ்பர்க் லைன்பேக்கர் ஜேம்ஸ் ஹாரிசன் அதைப் பிடித்து 100 யார்டு ஓடி மறுகோடியில் மூச்சு வாங்க விழுந்தார். வார்னர் அன்று 377 யார்டும் 3 டச்டவுனும் எறிந்தார். அவரையும் பிட்ஸ்பர்க் டிஃபென்ஸையும் சேர்த்து வைத்திருந்தவருக்கு அது தீபாவளி. ஃபேன்டசி லீக்குகள் பெரும்பாலும் டிசம்பர் முடிவதற்குள் கடையைக் கட்டிவிடும் என்பதால் அந்தத் தீபாவளியைக் கொண்டாட ஆள் அதிகம் இல்லை.

6. சான்றுகள்

(அ) 2018 நவம்பர் 19, திங்கள் இரவு, லாஸ் ஏஞ்சல்ஸ். மெக்சிகோ சிட்டியில் நடக்க வேண்டிய ஆட்டம், அங்கே தரை கெட்டுப்போனதால் இங்கே வந்தது. ராம்ஸ் 54, கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 51. இரு அணிகளும் 50 தாண்டிய ஆட்டம் லீக் வரலாற்றில் அதுவே முதல்.

சீஃப்ஸின் பேட்ரிக் மஹோம்ஸ் 478 யார்டு எறிந்தார். 6 டச்டவுன், 3 இன்டர்செப்ஷன், இழந்த ஃபம்பிள் 2. கூட்டிக் கழித்தால், ஓடி எடுத்த யார்டுகளைச் சேர்க்காமலே 33 புள்ளி. அவருக்கு எதிராக ஆடிய ராம்ஸ் டிஃபென்ஸைப் பாருங்கள். 51 விட்டதற்கு 4 கழிவு. ஆனால் ஆரன் டொனால்ட் மஹோம்ஸை இரண்டு முறை வீழ்த்தி இரண்டு முறையும் பந்தைத் தட்டிவிட்டார். சாம்சன் எபுகாம் என்ற லைன்பேக்கர் தரையில் உருண்ட பந்தை எடுத்து 11 யார்டு ஓடி ஒரு டச்டவுன் அடித்தார். பிறகு மஹோம்ஸ் எறிந்த பந்தையே பிடித்து 25 யார்டு ஓடி இன்னொன்று. டச்டவுனுக்கு 12, மூன்று இன்டர்செப்ஷனுக்கு 6, இரண்டு ஃபம்பிளுக்கு 4, டொனால்டின் சாக்குகளுக்கு மட்டும் 2. கழிவு போகக் குறைந்தது 20.

ஒரே ஆட்டத்தில், எதிரெதிர் வரிசையில் நின்ற இரு சரக்குகளிலிருந்து 53 புள்ளி. ஒன்று ஏறினால் ஒன்று இறங்கும் என்ற விதி அன்றிரவு விடுப்பில் இருந்தது. காரணமும் தெளிவு: நிறையப் பந்து எறியும் ஆட்டத்தில் டச்டவுனும் பெருகும், பறிப்பும் பெருகும். பகைமை இருவருக்கும் இடையில்தான். வேகம் பொதுச் சொத்து.

(ஆ) சரியாக ஓராண்டுக்கு முன், 2017 நவம்பர் 19. லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த கார்சன். சார்ஜர்ஸ் 54, பஃபலோ பில்ஸ் 24. அதே தேதி, அதே வட்டாரம், வென்றவருக்கு அதே 54. இதற்கு மேல் எண்சோதிடர்களிடம் விட்டுவிடலாம். பில்ஸ் குவார்ட்டர்பேக் நேதன் பீட்டர்மன் முதல் பாதியிலேயே 5 இன்டர்செப்ஷன் கொடுத்து இடைவேளையில் உட்கார வைக்கப்பட்டார். அவரையும் சார்ஜர்ஸ் டிஃபென்ஸையும் சேர்த்து இறக்கிய ஒருவர் இருந்திருந்தால், அந்த ஐந்து பறிப்பும் அவர் கணக்கில் பூஜ்யம். ஒன்று டச்டவுனாகத் திரும்பியதால் 6 லாபம்கூட. இருகையாளர் நோக்கில் பீட்டர்மன் செய்த குற்றம் பந்தைப் பறிகொடுத்தது அன்று, எறிந்த யார்டு 66ஓடு நின்றுபோனதே.

(இ) 2006 அக்டோபர் 16, அரிசோனாவின் கிளென்டேல். இடைவேளையில் கார்டினல்ஸ் 20, சிகாகோ பேர்ஸ் 0. பேர்ஸின் தாக்குதல் அணி அன்று ஒரு டச்டவுன்கூட அடிக்கவில்லை. ஆனால் அதன் டிஃபென்ஸ் இரண்டு ஃபம்பிளை டச்டவுனாக்கியது. டெவின் ஹெஸ்டர் எதிரணி உதைத்துத் தந்த பன்ட்டைப் பிடித்து 83 யார்டு ஓடி இன்னொரு டச்டவுன் அடித்தார். பேர்ஸ் 24, கார்டினல்ஸ் 23. தோற்ற பயிற்சியாளர் டென்னிஸ் கிரீன் பத்திரிகையாளர் கூட்டத்தில் போட்ட சத்தம் இன்றும் ஒளிபரப்பாகிறது. கார்டினல்ஸின் இளம் குவார்ட்டர்பேக் மேட் லைனார்ட் 232 யார்டும் 2 டச்டவுனும் எறிந்து தன் பங்கைச் செய்திருந்தார். பேர்ஸ் டிஃபென்ஸுக்கோ மூன்று டச்டவுனில் மட்டுமே 18.

கடைசி நிமிடத்தில் கார்டினல்ஸின் நீல் ராக்கர்ஸ் ஃபீல்டு கோல் ஒன்றைத் தவறவிட்டார். மைதானமே தலையில் கைவைத்த நொடி அது. அது உள்ளே போயிருந்தால் கார்டினல்ஸ் 26. படிக்கட்டுக் கணக்கில் 23ம் 26ம் ஒரே படி. வெற்றி தோல்வியே புரண்டிருக்கும் அந்த உதையில் இருகையாளருக்கு ஒரு தசமம்கூட அசைந்திருக்காது.

(ஈ) 2019ன் ஜேமிஸ் வின்ஸ்டன் இத்துறையின் கலைக்களஞ்சியம். டாம்பா பே குவார்ட்டர்பேக்கான அவர் அந்த சீசனில் லீக்கிலேயே அதிகமாக 5,109 யார்டு எறிந்தார். 33 டச்டவுன், 30 இன்டர்செப்ஷன். இரண்டு எண்ணிக்கையும் 30ஐத் தொட்ட சீசன் வேறு எவருக்கும் வாய்த்ததில்லை. அக்டோபர் 13 அன்று லண்டனில் கரோலினாவுக்கு எதிராக 400 யார்டு, 1 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன், 7 சாக். யார்டு, டச்டவுன், பறிப்பு மூன்றையும் கூட்டிக் கழித்தால் வின்ஸ்டனுக்கு 10. அதே பறிப்பிலும் சாக்கிலும் மட்டுமே கரோலினா டிஃபென்ஸுக்கு 17. சீசனின் கடைசி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அவர் எறிந்த முதல் பந்தை அட்லாண்டாவின் டியான் ஜோன்ஸ் பிடித்து நேரே டச்டவுனுக்கு ஓட, ஆட்டமும் சீசனும் ஒரே மூச்சில் முடிந்தன. 30வது இன்டர்செப்ஷன் அது.

(உ) எதிர்ச்சான்றை மறைப்பது ஆய்வு நேர்மைக்கு இழுக்கு. 2014ல் டென்வரின் பேட்டன் மேனிங்கும் சியாட்டில் டிஃபென்ஸும் இத்துறையின் விலையுயர்ந்த இரு சரக்குகள். அந்த ஆண்டு பிப்ரவரி சூப்பர் பவுலில் இருவரும் மோதியபோது சியாட்டில் 43க்கு 8 என்று வென்றது. பிக்-சிக்ஸ், சேஃப்டி, கிக்காஃப் திருப்பிய டச்டவுன் என்று அதன் டிஃபென்ஸ் குவித்தது. செப்டம்பர் 21 அன்று மறுபடி மோதல். சியாட்டில் 26, டென்வர் 20. மேனிங் 303 யார்டு, 2 டச்டவுன், 1 இன்டர்செப்ஷன் என்று 18 புள்ளி தந்தார். டிஃபென்ஸுக்கு 20 விட்டதற்கு 1, பறித்ததற்கு 2, பிறகு சில்லறை. விலக்குநர் சொல்லும் தராசு இங்கே ஒழுங்காகவே வேலை செய்தது. அப்படியும் அன்று மேனிங்கை உட்கார வைத்தவர் எதையும் சம்பாதிக்கவில்லை. தவறு எங்காவது இருந்தால் அது டிஃபென்ஸை இறக்கியதில்தான்.

7. உண்மைப் பகைவன்

அப்படியானால் இருகையாளருக்கு எதிரியே இல்லையா எனின், உண்டு. குவார்ட்டர்பேக் 75 யார்டு வியர்வை சிந்தி எறிந்துவந்தபின், கடைசி ஒரு யார்டைப் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தாண்டுகிறாரே, அந்த ரன்னிங் பேக்.

டச்டவுனின் புள்ளி அவருக்குப் போய்விடும். குவார்ட்டர்பேக்குக்கு யார்டுக்கான 3 மட்டும். டிஃபென்ஸ் படியிறங்குவது இறங்குவதுதான். ஆட்டத்தின் முதல் டச்டவுன் இப்படி வந்தால் நிகர நட்டம் 3. ஃபீல்டு கோலும் அதே ரகம். 45 யார்டு எறிந்து கடந்து 3 புள்ளிக்கு உதைத்தால் குவார்ட்டர்பேக்குக்கு 1.8, டிஃபென்ஸுக்கு 3 இழப்பு. ஆகவே இருகையாளர் கவலைப்பட வேண்டியது, தரையில் ஓடி மெல்ல மெல்ல ஜெயிக்கும் அணியின் குவார்ட்டர்பேக்கை வைத்திருந்தால்தான். வானத்தில் பந்து பறக்கும் வரை பயமில்லை.

இப்பகைவர் குலத்திலும் ஒரு மகாத்மா உண்டு. 2007 டிசம்பர் 16, டாலஸ் கவ்பாய்ஸுக்கு எதிராக ஃபிலடெல்ஃபியாவின் ரன்னிங் பேக் பிரையன் வெஸ்ட்புரூக் யாரும் தடுக்காத டச்டவுனுக்கு ஓடிக்கொண்டிருந்தவர், ஒரு யார்டுக்கு முன் தானாக உட்கார்ந்தார். நேரத்தை ஓட்டி ஜெயிப்பதே அணிக்குப் பத்திரம் என்று. 10க்கு 6 என்று ஜெயித்தார்கள். அவரை வைத்திருந்த ஃபேன்டசிக்காரர்கள் அந்த 6 புள்ளிக்காகப் புலம்பித் தீர்த்தார்கள். ஆனால் ஃபிலடெல்ஃபியா குவார்ட்டர்பேக் டானவன் மெக்னாபையும் டாலஸ் டிஃபென்ஸையும் சேர்த்து வைத்திருந்த இருகையாளருக்கு அவர் செய்த உபகாரம் எங்கும் பதிவாகவில்லை. 10ல் நின்றதால் டிஃபென்ஸுக்கு 4. அவர் கோட்டைத் தாண்டியிருந்தால் 1.

8. நூற்பாக்களும் உரையும்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று நூற்பாக்கள் பெறப்படுகின்றன.

நூற்பா ஒன்று: உடைமை தாளிலே, ஆட்டம் தரையிலே.

இதன் பொருள்: வலுவான டிஃபென்ஸைச் சந்திக்கும் குவார்ட்டர்பேக்குக்குக் குறைந்த புள்ளியே எதிர்பார்க்க வேண்டும். அந்தக் குறைவு அவருடைய கணிப்பு எண்ணில் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். அந்த டிஃபென்ஸ் நம்முடையது என்பதற்காக மறுபடி ஒருமுறை கழிப்பது இரட்டை வரி. டிஃபென்ஸ் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று குவார்ட்டர்பேக்குக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் அவர் கூடுதலாக எறியப்போவதும் இல்லை.

நூற்பா இரண்டு: கூட்டுத்தொகை குறையாது, குலுக்கல் குறையும்.

இதன் பொருள்: 18 எதிர்பார்க்கும் குவார்ட்டர்பேக்கும் 8 எதிர்பார்க்கும் டிஃபென்ஸும் ஒரே ஆட்டத்தில் மோதினாலும், வெவ்வேறு ஊரில் ஆடினாலும், சராசரிக் கூட்டுத்தொகை 26தான். எதிரெதிராக மோதும்போது ஒருவர் சரிவை மற்றவர் ஏற்றம் ஈடுகட்டும் வாய்ப்பு அதிகம். அதனால் விடை 26ஐச் சுற்றியே நிற்கும். பங்குச்சந்தைக்காக ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952ல் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுவே: எதிரெதிராக அசையும் இரண்டைச் சேர்த்து வைத்தால் வருமானத்தின் சராசரி கெடாமல் ஆட்டம் மட்டும் அடங்கும். அவருக்கு 1990ல் பொருளாதார நோபல் கிடைத்தது. இருகையாளருக்கு லீக் கோப்பையாவது கிடைக்க வேண்டாமா?

நூற்பா மூன்று: முந்துவோன் சேர்க்க, பிந்துவோன் பிரிக்க.

இதன் பொருள்: எதிராளியைவிடப் பலமான அணி வைத்திருப்பவருக்குக் குலுக்கல் எதிரி. அவர் இருவரையும் தாராளமாக இறக்கலாம். பலவீனமானவருக்குக் குலுக்கலே நண்பன். நடந்தால் அற்புதம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று ஆட வேண்டியவர், அற்புதத்துக்குத் தானே தடை வைக்கக் கூடாது. திங்கள் இரவு ஆட்டத்தில் இந்த இருவர் மட்டும் பாக்கி, வெற்றிக்கு 24 வேண்டும் என்றால் சேர்த்தே இறக்கலாம். 45 வேண்டும் என்றால் பிரிப்பதே முறை. மஹோம்ஸும் எபுகாமும் ஒரே இரவில் பொங்குவது எப்போதாவது நடக்கும் வைபோகம்.

9. நடைமுறை

கோட்பாடு இவ்வாறிருக்க, பெரும்பாலான இருகையாளர்களுக்குச் சிக்கலே தேவையற்றது. நிஜ லீக்கில் 32 அணிகள். 12 பேர் ஆளுக்கொரு டிஃபென்ஸ் வைத்திருந்தாலும் 20 டிஃபென்ஸ், யாரும் எடுக்காதவற்றின் பட்டியலான வெய்வரில் சும்மா கிடக்கும். அந்த வாரத்துக்கு மட்டும் ஒரு தத்தளிக்கும் குவார்ட்டர்பேக்கை எதிர்கொள்ளும் டிஃபென்ஸை எடுத்து ஆடவிட்டுவிட்டு, மறுவாரம் கழற்றிவிடலாம். வாரம் ஒரு டிஃபென்ஸ் என்று மாற்றிக்கொண்டே சீசனை ஓட்டுபவர்கள் உண்டு. நல்ல குவார்ட்டர்பேக்கை அப்படி வாரம் ஒருவராகத் தேட முடியாது. ஆகவே இருவரில் ஒருவர் உட்கார வேண்டும் என்று வந்தால், உட்கார வேண்டியது டிஃபென்ஸ். அதைக் கழற்றிவிட்டால் எதிராளி கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று அஞ்சும் அளவுக்கு, 2014ன் சியாட்டில் போல, மேலான டிஃபென்ஸாக இருந்தால் மட்டுமே பெஞ்சில் வைத்துக் காக்கும் செலவு நியாயமாகும்.

2009ல் தொடங்கிய ஃபேன்டூவல், 2012ல் தொடங்கிய டிராஃப்ட்கிங்ஸ் போன்ற தினசரிப் போட்டித் தளங்களில் நியாயம் வேறு. ஆயிரக்கணக்கானோர் நுழையும் போட்டியில் பரிசின் பெரும்பங்கு உச்சியில் இருப்பவர்களுக்கே. சராசரி 26 அங்கே யாரையும் கரை சேர்க்காது. ஆகவே தன் குவார்ட்டர்பேக்குக்கு எதிர் டிஃபென்ஸை எடுக்காதே என்பது அங்கே பாலபாடம். மூன்றாம் நூற்பாவின் 'பிந்துவோன்' வரிசையில் அங்கே நுழையும் எல்லோரும் அடக்கம்.

இந்தியாவில் ட்ரீம்11 பழகியவர்களுக்கு இருகை நிலை புதிதன்று. ஒரே ஆட்டத்தின் இரு அணிகளிலிருந்தும் பதினொருவரைப் பொறுக்கும்போது, தன் பவுலர் வீச, தன் பேட்ஸ்மேனே அடிப்பதைப் பார்த்து மகிழ்வதா நோவதா என்ற குழப்பம் ஓவருக்கு ஓவர் வரும். அங்கே அது ஆட்டத்தின் அமைப்பு. அமெரிக்க லீக்கிலோ தானாகத் தேடிக்கொண்ட வினை.

10. எஞ்சிய ஐயம்

திருத்தங்கள் குறித்து ஒன்று சொல்லாமல் முடிக்க இயலாது. ஆட்டம் முடிந்து ஓரிரு நாள் கழித்து அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் திருத்தப்படுவதுண்டு. ஜெயித்ததாக நினைத்துத் திங்கள் இரவு தூங்கியவர், வாரநடுவில் தோற்றவராக எழுந்திருப்பார். இங்கேயும் இருகையாளருக்கு ஒரு காப்பு இருப்பதுபோல் தோன்றும். இன்டர்செப்ஷன் என்று எழுதியதை ஃபம்பிள் என்று மாற்றினாலும், ஒரு கையில் கழிந்தது மறு கையில் வரவாகும்.

ஆனால் சாக் என்று பதிவானதை, அது எறிவதற்கான முயற்சியே இல்லை, குவார்ட்டர்பேக் பந்தோடு ஓடித்தான் மாட்டினார் என்று திருத்துவதுண்டு. அப்போது டிஃபென்ஸின் 1 புள்ளி போகும். சாக்கில் கழியாத யார்டு, ஓட்டமாகிவிட்டதால் பத்துக்கு ஒன்று வீதம் குவார்ட்டர்பேக் கணக்கில் கழியும். 7 யார்டு பின்னால் விழுந்திருந்தால் 0.7. ஆக 1.7 புள்ளி, இரண்டு கையிலிருந்தும், ஈடுகட்ட எதுவும் இல்லாமல். ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த இருகையாளர் வியாழக்கிழமை வரை கோப்பைப் படத்தை வாட்ஸ்அப்பில் போடாமல் இருப்பது உசிதம்.